மக்களாட்சியில் குடிமக்கள் பங்கேற்பு: கடமையும் அதன் முன்நிபந்தனைகளும்

முன்னுரை

மக்களாட்சியில் அதிகாரத்தின் ஊற்று மக்களே என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இந்திய அரசமைப்பின் முகப்புரையும் மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட ஓர் அமைப்பாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆயினும் அதிகாரத்தை வழங்கியவர் யார் என்பது ஒரு வினா. வழங்கப்பட்ட அதிகாரம் அன்றாடம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதில் வழங்கியவருக்கு உள்ள பொறுப்பு யாது என்பது மற்றொரு வினா. முதல் வினாவிற்கு அரசமைப்பு விடை தருகிறது. இரண்டாவது வினா அறவியல் சார்ந்தது.

குடிமக்கள் பொதுவாழ்வில் பங்கேற்பது அவர்தம் கடமை என்று பாடநூல்களும் மேடைகளும் தொடர்ந்து அறிவுறுத்துகின்றன. பங்கேற்காத குடிமகன் பொறுப்பற்றவன் என்ற பழிச்சொல்லும் உடன் வருகிறது. இக்கூற்று எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பங்கேற்பு ஓர் அறக்கடமையா? கடமையெனின், அதனைச் செய்யாதவரைக் குறைகூறும் தகுதி யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, ராஜஸ்தான் மாநிலத்தில் 1990-களில் நடைபெற்ற மக்கள் விசாரணைகள் முதன்மைச் சான்றாகவும், ஒடிசா மாநிலத்தின் நியமகிரி மலைப்பகுதியில் 2013-ஆம் ஆண்டு கூடிய கிராம சபைகள் துணைச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வாக்களிப்பும் பங்கேற்பும்

1951-52-ஆம் ஆண்டுகளில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளராக இருந்தனர். சொத்து, கல்வி, பால் ஆகிய எவ்வகைத் தடையுமின்றி வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் வாக்காளர் தொகை 97 கோடியை நெருங்கியது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அளவில் வாக்களித்தனர். வாக்களிப்பைப் பொறுத்தவரை இந்தியக் குடிமக்கள் அக்கறையற்றவர் என்று கூற இடமில்லை என்பதை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன.

எனினும் வாக்களிப்பு பங்கேற்பின் தொடக்கமேயன்றி அதன் முழுமையன்று. ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோ, 1762-இல் வெளிவந்த தம் சமுதாய ஒப்பந்தம் என்னும் நூலில், ஆங்கிலேயர் தேர்தல் நாளில் மட்டுமே விடுதலை பெற்றவர் என்ற கருத்தை முன்வைத்தார். பெருநிலப்பரப்பும் பெருமக்கள்தொகையும் கொண்ட நாட்டில் பிரதிநிதித்துவம் தவிர்க்க இயலாதது. ஆதலின் ரூசோவின் கண்டனத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சுட்டிய குறை மெய்யானது. ஒரு வாக்கு நூறு செய்திகளுக்குச் சேர்த்து அளிக்கப்படும் ஒரே விடையாகும். ஊர்ப்பள்ளியின் கூரை கணக்கில் மட்டும் வேயப்பட்டது என்பதையோ, நியாயவிலைக் கடையில் எடை குறைகிறது என்பதையோ வாக்குச்சீட்டில் எழுத இயலாது. அதிகாரம் அளிப்பதற்கு வாக்கு போதும். அளித்த அதிகாரத்தின் வழியைத் தொடர்ந்து நோக்குவதற்கு அது போதாது.

மன்னராட்சிக் காலத்து அரசியல் சிந்தனையும் இக்குறையை ஒருவகையில் உணர்ந்திருந்தது. கடிந்துரைக்கும் பெரியோரின் துணை இல்லாத மன்னனுக்கு நேரும் கேட்டினைத் திருக்குறள் பேசுகிறது. அங்கு இடித்துரைக்கும் பொறுப்பு அறிவாலும் ஒழுக்கத்தாலும் சிறந்த சிலருக்கு உரியதாக இருந்தது. மக்களாட்சியில் அப்பொறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் உரியதாகிறது. ஆட்சியாளர் செய்வன யாவும் மக்களின் பெயரால் செய்யப்படுகின்றன. தன் பெயரால் செய்யப்படும் செயலுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒருவர் சொல்ல இயலாது. பங்கேற்பு கடமையாவது இவ்வடிப்படையிலேயே எனலாம்.

கடமையும் கட்டாயமும்

பங்கேற்பு கடமையெனின் அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்கலாமா என்ற வினா அடுத்து எழுகிறது. குஜராத் சட்டமன்றம் 2009-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அது 2014-ஆம் ஆண்டு ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது; 2015-ஆம் ஆண்டு அம்மாநில உயர்நீதிமன்றம் அதன் செயற்பாட்டிற்குத் தடை விதித்தது. ஆஸ்திரேலியா 1924-ஆம் ஆண்டு முதல் நாடளாவிய தேர்தல்களில் கட்டாய வாக்களிப்பைப் பின்பற்றி வருகிறது. எனவே இஃது எண்ணிப்பார்க்கவும் தகாத கருத்து என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆயினும் இந்தியச் சூழலில் இக்கருத்து ஓர் அறச்சிக்கலை உண்டாக்குகிறது. செய்ய இயலாத ஒன்றைக் கடமையென்று சுமத்த இயலாது என்பது காண்ட் போன்ற அறவியலாளர் வலியுறுத்திய அடிப்படைக் கொள்கை. பிழைப்பு நாடி வெளிமாநிலத்திற்குச் செங்கற்சூளை வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்ற தொழிலாளியின் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கும். ஒரு நாள் வாக்களிப்பிற்காக அவர் பல நாள் கூலியையும் பயணச் செலவையும் இழக்க வேண்டும். விடுமுறை நாளில் வீட்டிலிருந்தும் வாக்களிக்கச் செல்லாத வசதியுடையவரும் அவரும் புள்ளிவிவரத்தில் ஒன்றே, அறநோக்கில் ஒன்றல்லர். முன்னவரிடம் காணப்படுவது இயலாமை. பின்னவரிடம் காணப்படுவது அக்கறையின்மை. இரண்டையும் ஒரே தண்டனைக்கு உட்படுத்துவது நீதியாகாது. எனவே பங்கேற்பைக் கடமை என்று சொல்வதற்கு முன், அதனை இயலச்செய்யும் நிலைமைகள் உளவா என்று நோக்குதல் வேண்டும்.

ராஜஸ்தான் மக்கள் விசாரணைகள்

இந்நிலைமைகளுள் முதலாவது, அறியும் வாய்ப்பு. இதன் இன்றியமையாமையை இந்தியாவிற்கு உணர்த்தியவர்கள் ராஜஸ்தானின் வறண்ட நிலப்பகுதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்களும் சிறு உழவர்களுமே ஆவர். அங்குப் பஞ்ச நிவாரணப் பணிகளில் சாலை போடவும் குளம் தோண்டவும் சென்றவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. அளவுப் புத்தகத்தின்படி அவர்கள் செய்த வேலை குறைவு என்பது அதிகாரிகளின் விடை. அப்புத்தகத்தைக் காட்டுமாறு கேட்டபோது, அரசு ஆவணங்கள் மறைவுக்குரியவை என்று மறுக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டு குடியேற்ற ஆட்சியில் இயற்றப்பட்ட அலுவல் இரகசியச் சட்டத்தின் மனப்பான்மை விடுதலைக்குப் பின்னும் அலுவலகங்களில் நிலைத்திருந்தது.

1990-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ராஜஸ்தானின் பீம் என்னும் ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் இதில் முன்னின்றனர். கூலிக்கான போராட்டம் கணக்கிற்கான போராட்டமாக மாறியது. 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. கூலி வருகைப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், இறந்தவர் பெயர் பட்டியலில் இடம்பெற்றிருந்ததும், முடியாத பணிகள் முடிந்தனவாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. பெயருக்குரியவரே எழுந்து நின்று மறுத்தபோது ஏட்டின் எண்கள் தம் மதிப்பை இழந்தன.

1996-ஆம் ஆண்டு பியாவர் நகரில் ஆவணங்களின் நகல் பெறும் உரிமை வேண்டி நாற்பது நாள் அறப்போராட்டம் நடைபெற்றது. எங்கள் பணத்திற்கு எங்களிடம் கணக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் முழக்கத்தின் பொருளாக இருந்தது. 1997-இல் தமிழ்நாடும், 2000-இல் ராஜஸ்தானும் தகவல் அறியும் உரிமைக்கான மாநிலச் சட்டங்களை இயற்றின. 2005-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கேட்கப்பட்ட தகவலுக்கு 30 நாளுக்குள்ளும், உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானதாயின் 48 மணி நேரத்திற்குள்ளும் விடையளிக்க வேண்டும் என அது வகுத்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. ஊர் நடுவே தொடங்கிய ஒரு வழக்கம் சட்ட ஏற்பைப் பெற்றது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வல்லுநர் அறிவும் குடிமக்கள் அறிவும்

ஆட்சி என்பது தேர்ந்தவர் தொழில். அதில் பொதுமக்களுக்கு என்ன தெரியும் என்ற வினா பழமையானது. கப்பலைச் செலுத்தும் பொறுப்பை அக்கலை அறியாதவரிடம் ஒப்படைக்கலாகாது என்னும் உவமையால் பிளேட்டோ இக்கருத்தை நிறுவினார். அவருடைய மாணவரான அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் இதற்கு மாறான ஒரு கருத்தையும் எடுத்துரைத்தார். விருந்தின் சுவையைச் சமைத்தவரைவிட உண்டவரே நன்கு மதிப்பிடுவர் என்பது அது.

ராஜஸ்தான் விசாரணைகள் அரிஸ்டாட்டிலின் கருத்திற்கு மேலும் வலுவூட்டுகின்றன. குளத்தின் கொள்ளளவைக் கணிக்கப் பொறியாளர் வேண்டும். ஆனால் அக்குளத்தில் எத்தனை பேர் எத்தனை நாள் மண் சுமந்தனர், சிமெண்டு மூட்டை எத்தனை வந்து இறங்கின என்பதற்குச் சுமந்தவரும் இறக்கியவருமே முதற்சான்று. எழுதப்படிக்கத் தெரியாமை இவ்வறிவிற்குத் தடையாகவில்லை. தடையாக நின்றது ஏடு மறைக்கப்பட்டிருந்ததே. பட்டியல் படிக்கப்பட்ட அளவில் அவர்தம் அறிவு பொதுவெளிக்கு வந்தது. ஆகவே குடிமக்கள் பங்கேற்பு என்பது அறியாதவர் அறிந்தவர் பணியில் தலையிடுவது அன்று. வேறெவரிடமும் இல்லாத ஓர் அறிவை ஆட்சிக்கு வழங்குவதாகும்.

பங்கேற்பின் விலை

அறியும் வாய்ப்பு கிடைத்த பின்னும் பங்கேற்பிற்கு ஒரு விலை உண்டு. நாள்கூலி பெறுபவர் ஒரு கூட்டத்திற்கு வருவதற்கு அன்றைய கூலியை இழக்க வேண்டும். நிலமும் கடனும் யாரிடம் உள்ளனவோ அவரையே எதிர்த்துச் சான்று சொல்ல நேரின் இழப்பு இன்னும் மிகுதி. சில வேளைகளில் அவ்விலை உயிராகவும் அமைந்துள்ளது. தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்தி நில முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த புணே மாவட்டத்தின் சதீஷ் ஷெட்டியும், சட்டத்திற்குப் புறம்பான சுரங்கத் தொழிலை எதிர்த்த குஜராத்தின் அமித் ஜேட்வாவும் 2010-ஆம் ஆண்டு கொலையுண்டனர். முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. அது பத்தாண்டுகள் கழிந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாதிருந்தது.

பெண்களின் நிலையும் இங்குக் கருதத்தக்கது. 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்வழி ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரில் கணவரோ பிற ஆடவரோ அதிகாரம் செலுத்தும் வழக்கம் பல மாநிலங்களில் காணப்பட்டது. இடம் அளிக்கப்பட்டும் குரல் அளிக்கப்படாத நிலை இது. அவ்வாறிருந்தும், அதே ஒதுக்கீட்டின் வழியே முதன்முறையாகப் பொது அவையில் அமர்ந்து, பின்னர்த் தாமே முடிவெடுக்கத் தொடங்கிய பெண்களும் பலர். பங்கேற்பு பங்கேற்பாலேயே கற்கப்படுவது என்று 1861-இல் பிரதிநிதித்துவ அரசு பற்றி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் கொண்ட கருத்து இதனோடு பொருந்துகிறது.

முடிவெடுக்கும் அதிகாரம்

அறியும் வாய்ப்பும் அச்சமின்மையும் வாய்த்தாலும், சொல்லப்பட்ட சொல் முடிவினைப் பாதிக்காதெனில் பங்கேற்பு வெறும் சடங்காகிவிடும். அரசமைப்பின் 243அ பிரிவு கிராம சபையை ஏற்கிறது. ஆயினும் அதன் அதிகாரங்கள் யாவை என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் முடிவிற்கு விட்டுவிடுகிறது. முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டு, கூட்டத்தின் பதிவேட்டில் கையொப்பம் மட்டும் பெறப்படும் ஊர்களில் மக்கள் கிராம சபைக்கு வாராமை அக்கறையின்மையாகாது. தம் வருகை எதையும் மாற்றாது என்னும் பட்டறிவின் விளைவே அது.

இதற்கு மறுதலையான நிலையை நியமகிரி காட்டுகிறது. ஒடிசாவின் ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் பரந்துள்ள இம்மலையில் பாக்சைட்டுச் சுரங்கம் அமைக்கும் திட்டத்தை அங்கு வாழும் டோங்ரியா கோந்த் மக்கள் எதிர்த்தனர். இம்மலை அவர்தம் வழிபாட்டிற்கும் வாழ்விற்கும் உரிய இடமாகும். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் உச்சநீதிமன்றம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், அம்மக்களின் சமய, பண்பாட்டு உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகள் ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நீதித்துறை அலுவலர் முன்னிலையில் கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை ஏற்க மறுத்தன. 2014 ஜனவரியில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது. தம் சொல்லுக்கு விளைவு உண்டு என்று அறிந்த இடத்தில் மக்கள் கூடுகின்றனர். தெளிவாகவும் பேசுகின்றனர் என்பதற்கு இது தக்க சான்று.

மறுப்பும் விடையும்

ஊர்க்கூட்டம் என்பதே நீதியின் இருப்பிடம் என்று கொள்வது பிழையாகும் என்ற மறுப்பு வலிமையானது. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில் அம்பேத்கர், இந்தியக் கிராமம் குறுகிய மனப்பான்மையும் வகுப்புணர்வும் மலிந்த இடமென்று கண்டித்தார். வரைவரசமைப்பு கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றார். அம்மாதமே கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தின் வழி, ஊராட்சிகளை அமைப்பதற்கான நெறி 40-ஆம் பிரிவாக அரசமைப்பில் இடம்பெற்றது. இவ்விரு போக்குகளுக்கும் இடையிலான இழுபறி இன்றும் தீரவில்லை.

பழந்தமிழகத்தின் ஊராட்சிச் சான்றும் இம்மறுப்பிற்குத் துணைநிற்கிறது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகிறது. முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் தேர்விலிருந்து அது விலக்குகிறது. கணக்குக் காட்டுதலைப் பொதுவாழ்வின் முதல் தகுதியாகக் கொண்ட சிறப்பு அதற்கு உண்டு. ஆயின் அது பிரமதேய ஊரின் சபை. நிலவுடைமை, சொந்த மனை, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியன உறுப்பினர்க்கான தகுதிகளாயிருந்தன. மண்ணை உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை. ஏதென்சு நகரின் மக்களவையும் பெண்களையும் அடிமைகளையும் விலக்கியே கூடியது.

இம்மறுப்பு பங்கேற்பைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. பங்கேற்பிற்கு ஓர் எல்லையை வரையறுக்கிறது எனலாம். தனிமனிதரின் அடிப்படை உரிமைகளைக் கூட்டத்தின் பெரும்பான்மை பறிக்க இயலாது என்பதே அவ்வெல்லை. ராஜஸ்தான் விசாரணைகளில் ஊரின் ஒருமித்த குரல் வேண்டப்படவில்லை. தன் கூலி தனக்கு வரவில்லை என்று தனியொருவர் சொல்வதற்கான களமாகவே அவை அமைந்தன. 1949 நவம்பர் 25-ஆம் நாள் உரையில் அரசியல் சமத்துவத்திற்கும் சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்விற்கும் இடையிலான முரண்பாட்டை அம்பேத்கர் எச்சரித்தார். தலைவர்பால் கொள்ளும் பக்தி அரசியலைத் தாழ்த்தும் என்றும் அறிவுறுத்தினார். கணக்குக் கேட்கும் குடிமகன் அப்பக்திக்கு நேர்மாறானவன்.

மற்றொரு மறுப்பு தனிநபர் மறைவுரிமை சார்ந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு இருந்த விலக்கினை விரிவாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிமனிதரின் மறைவுரிமை மதிக்கத்தக்கதே. ஆனால் மக்கள் விசாரணையின் உயிர்நாடி பெயர்களில்தான் இருந்தது. பெயர் நீக்கப்பட்ட பட்டியலில் இறந்தவரும் வேலைக்கு வாராதவரும் வெறும் எண்களாகிவிடுவர். எழுந்து மறுப்பதற்கு எவரும் இரார். பொதுப்பணம் செலவிடப்பட்ட இடத்தில் பெயரை மறைப்பது யாரைக் காக்கிறது என்ற வினாவைப் பொதுநலம் கருதித் தகவல் வெளியிட இடமளிக்கும் விதியைக் கொண்டு ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. ஆட்சி மக்களின் பெயரால் நடைபெறுவதால், அதில் பங்கேற்பது குடிமக்களின் அறக்கடமையாகும். வாக்களிப்பு அக்கடமையின் ஒரு கூறு மட்டுமே.

2. அறியும் வாய்ப்பு, அச்சமின்றிப் பேசும் நிலை, பேச்சிற்கு விளைவு ஆகிய மூன்றும் பங்கேற்பின் முன்நிபந்தனைகள். இவற்றை அமைத்துத் தருவது அரசின் கடமை. இவை இல்லாத இடத்தில் குடிமக்களைக் குறைகூறும் தகுதி அரசிற்கு இல்லை.

3. இயலாமையையும் அக்கறையின்மையையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். கட்டாயத்தால் வருகையைப் பெறலாம். பங்கேற்பைப் பெற இயலாது.

4. பங்கேற்பு தனிமனித உரிமைகளின் எல்லைக்குள் நிகழும்போதே நீதிக்குத் துணையாகும்.

இம்முடிவுகளோடு ஒன்றையும் கருதுதல் வேண்டும். முன்நிபந்தனைகள் அமையும் வரை காத்திருந்தவர்களால் இந்தியாவில் தகவல் அறியும் உரிமை கிடைக்கவில்லை. ஏடு மறைக்கப்பட்டிருந்த காலத்தில், கூலியை இழந்து, பகையை ஏற்று, ஊர் நடுவே எழுந்து நின்ற எளிய மனிதர்களே அதனைப் பெற்றுத் தந்தனர். அவர்கள்மீது இக்கடமை மிகக் குறைவாகவே சுமத்தத்தக்கது. அவர்களே அதனை மிகுதியாகச் செய்தனர். அவர்கள் பெற்றுத் தந்த உரிமையைக் கல்வியும் ஓய்வும் பாதுகாப்பும் பெற்றவர்கள் பயன்படுத்தாதிருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் ஏதுமில்லை. பங்கேற்பின்மைக்கான பழியைச் சுமத்த வேண்டுமெனின், அதனை இவர்களிடமிருந்தே தொடங்குதல் முறையாகும்.